கெர்னல் சொல்லிவிட்ட முகவரி



கணினி அறிவியலில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பாடத்திட்டத்துக்குள் அடங்காத விதத்தில் தமிழிலேயே பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் விதி. நான் எடுத்துக்கொண்டிருப்பது, இயங்குதளத்தின் கெர்னல் தன் நினைவக முகவரியை வெளியே கசியவிடும் பிழை.

பாதுகாப்புத் துறையில் பிழைகளுக்குத் தரவரிசை உண்டு. அடுத்தவர் கணினியைக் கைப்பற்ற வழிவிடும் பிழை முதல் வரிசை. முகவரி கசியும் பிழை எப்போதும் பின்வரிசைதான். எதையும் திருடவில்லை, எதையும் அழிக்கவில்லை, ஓர் எண்ணை வெளியே சொல்லிவிட்டது, அவ்வளவுதானே என்று எண்ணி அப்படி வைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதே என் கட்சி. அதை நிறுவ நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்புலம் தேவைப்படுகிறது. கணினித் துறை மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று மற்றத் துறை நண்பர்களும் வந்திருக்கிறார்கள்.

செல்பேசியில் நாம் திறக்கும் எந்தச் செயலியும் கேமராவையோ கோப்புகளையோ தானாகத் தொட முடியாது. இயங்குதளத்தின் நடுவில் இருக்கும் கெர்னல் என்ற நிரலிடம் கேட்டுத்தான் பெற முடியும். யாருக்கு எதைத் தருவது, யாரை எதிலிருந்து விலக்கி வைப்பது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. ஆகவே கெர்னலைத் தன் சொல்படி ஆட்டிவைக்க முடிந்தவருக்கு அந்தக் கருவியில் மறைவு என்று எதுவும் மிச்சமிருக்காது. உரையாடல், புகைப்படம், மைக்ரோஃபோன், இருக்குமிடம் எல்லாமே அவர் கையில்.

கெர்னலும் மனிதர்கள் எழுதிய நிரல்தான். பிழை இருக்கும். ஒரு பிழையைப் பயன்படுத்தி நினைவகத்தில் எங்கோ சில பைட்டுகளை மாற்றி எழுத முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே எழுதுவது? எந்தப் பகுதிக்கு நிரலைத் தாவச் செய்வது? தாக்குபவருக்கு முகவரி வேண்டும். 1996 நவம்பரில் ‘பிராக்’ என்ற மின்னிதழின் 49ஆவது இதழில், அலெஃப் ஒன் என்ற புனைபெயரில் ஒருவர் ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகப் பகுதி நிரம்பி வழியும் பிழையை எப்படித் தாக்குதலாக மாற்றுவது என்று படிப்படியாக எழுதினார். அன்றைக்கு முகவரி ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை. ஒரே நிரல் ஆயிரம் கணினிகளில் ஓடினால் ஆயிரத்திலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கும். தன் கணினியில் பார்த்து வைத்துக்கொண்ட எண் அடுத்தவர் கணினியிலும் பலித்தது.

2001இல் பாக்ஸ் என்ற குழு இதற்கு மாற்று கண்டது. நிரலை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ஏற்றுவது. ஏ.எஸ்.எல்.ஆர். என்று அவர்கள் வைத்த பெயரே இன்றும் புழங்குகிறது. சாதாரண நிரல்களுக்கு முதலில் வந்த இந்தப் பாதுகாப்பு கெர்னலுக்கு வரத் தாமதமாயிற்று. ஆப்பிள் 2012இல் ஐ.ஓ.எஸ். 6லும் மேக் கணினிகளுக்கான மௌன்டன் லயனிலும் கொண்டுவந்தது. லினக்ஸ் 2014 மார்ச்சில், 3.14ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது.

இந்த முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கெர்னல் முழுதும் ஒரே துண்டாக நகர்கிறது. அதன் உள்ளே ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இடையே உள்ள தூரம் மாறுவதில்லை. ரயிலைப் போல. வண்டி நடைமேடையில் இன்றைக்குக் கொஞ்சம் முன்னே நிற்கலாம், நாளைக்குக் கொஞ்சம் பின்னே நிற்கலாம். ஆனால் எஸ்-4 பெட்டி எங்கே நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால், ஏசி பெட்டியும் என்ஜினும் எங்கே என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கெர்னலும் அப்படியே. ஒரே ஒரு சரியான முகவரி தெரிந்துவிட்டால் மற்ற லட்சக்கணக்கான முகவரிகளும் கழித்தல் கணக்கில் வந்துவிடும்.

நகர இடமும் அதிகமில்லை. 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் லினக்ஸ் கெர்னலின் நிரற்பகுதிக்கு 1 ஜிபி பரப்பு, அதில் 2 எம்பிக்கு ஒரு நிறுத்தம். கணக்கிட்டால் ஏறத்தாழ ஐந்நூறு இடங்கள். ஐந்நூறில் ஒன்றைக் குத்துமதிப்பாகப் பிடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். சாதாரண நிரலில் அது நடக்கும், விழுந்தால் மறுபடி எழுப்பிக்கொள்ளலாம். கெர்னலில் ஒரு முறை தவறினால் கருவியே நின்றுபோகும், உரியவருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே தேர்ந்த தாக்குநர் ஊகிப்பதில்லை. எங்காவது கெர்னலே சொல்லிவிடாதா என்று தேடுகிறார்.

இனி கதைக்கு வருகிறேன்.

அகமது மன்சூர் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த மனித உரிமைச் செயற்பாட்டாளர். 2015இல் மார்ட்டின் என்னல்ஸ் விருது பெற்றவர். 2016 ஆகஸ்ட் 10, 11 தேதிகளில் அவருடைய ஐபோனுக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. அமீரகச் சிறைகளில் சித்திரவதைக்கு உள்ளாகும் கைதிகளைப் பற்றிப் புதிய ரகசியங்கள் என்று சொல்லி ஒரு இணைப்பும் இருந்தது. அவருடைய அக்கறை எதில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தயாரித்த செய்தி அது. அவர் அழுத்தவில்லை. அதற்கு முன்பே, 2011இலும் 2012இலும், வேறு உளவு மென்பொருள்கள் அவரைக் குறிவைத்திருந்தன. செய்தியை அப்படியே டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவைத்தார். அந்த ஒரு நிதானத்துக்கு உலகம் முழுவதும் ஐபோன் வைத்திருந்தவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

பில் மார்சாக், ஜான் ஸ்காட்-ரெய்ல்டன் ஆகியோர் அந்த இணைப்பைத் தங்கள் ஆய்வகத்தில் இருந்த வெற்று ஐபோன் ஒன்றில் திறந்தார்கள். சஃபாரி உலாவி சற்று நேரத்தில் தானாக மூடிக்கொண்டது. பின்னணியில் கருவி கைமாறிக்கொண்டிருந்தது. லுக்அவுட் நிறுவனத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர்கள் பிரித்துப் பார்த்தபோது, அதுவரை யாருக்கும் தெரியாத மூன்று பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருந்தன. ட்ரைடென்ட், திரிசூலம், என்று பெயரிட்டார்கள். முடிவில் கருவியில் இறங்கவிருந்தது இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. குழுமம் விற்றுவந்த பெகசஸ் என்ற உளவு மென்பொருள்.

முதல் பிழை உலாவிக்குள் நுழைவதற்கு. மூன்றாவது, கெர்னலின் நினைவகத்தைக் குலைத்து அதைக் கைப்பற்றுவதற்கு. நடுவில் இருந்த, சி.வி.இ-2016-4655 என்ற பதிவெண் கொண்ட பிழைதான் நம் பொருள். அதன் ஒரே வேலை, கெர்னல் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று சொல்வது. அது இல்லாமல் முதல் பிழை உலாவியோடு நின்றுபோகும், மூன்றாவது பிழை இருட்டில் கல்லெறிவதாக முடியும்.

அந்தப் பிழை எவ்வளவு எளியது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஆப்பிள் கெர்னலுக்குச் செயலிகள் சில பண்புகளை ஒரு பைனரி வடிவில் தொகுத்து அனுப்பலாம். கெர்னல் அதைப் பிரித்து எண், சொல், பட்டியல் என்று பொருள்களாக மாற்றி வைத்துக்கொள்ளும். எண் என்றால் எத்தனை பிட் என்பதையும் அனுப்புகிறவரே சொல்ல வேண்டும். எண் எதுவும் 64 பிட்டைத் தாண்டாது, அதாவது 8 பைட். ஆனால் சொல்லப்பட்ட அளவு 64க்குள் இருக்கிறதா என்று பிரிக்கும் நிரல் கேட்கவே இல்லை. 512 பிட் என்று ஒருவர் சொன்னால் சரி என்று குறித்துக்கொண்டது.

அடுத்து அதே செயலி, நான் கொடுத்த எண்ணைத் திருப்பித் தா என்று கேட்கிறது. கெர்னல் அந்த எண்ணின் 8 பைட்டை ஸ்டாக்கில் உள்ள ஒரு மாறியில் எடுத்து வைத்து, அங்கிருந்து, குறித்து வைத்த அளவுக்கு நகலெடுத்துத் தருகிறது. 512 பிட் என்றால் 64 பைட். முதல் 8 பைட் கேட்டவர் கொடுத்தது. மீதி 56 பைட் ஸ்டாக்கில் பக்கத்தில் கிடந்தவை. அந்தப் பக்கத்தில் கிடப்பவற்றுள் ஒன்று, நடந்துகொண்டிருக்கும் வேலை முடிந்ததும் கெர்னல் எந்த வரிக்குத் திரும்ப வேண்டும் என்று குறித்து வைத்த முகவரி. கெர்னல் கோப்பில் அந்த வரி நகராமல் இருந்திருந்தால் எங்கே இருக்கும் என்பது தாக்குபவருக்கு முன்பே தெரியும். கழித்தால் நகர்ந்த தூரம் வந்துவிடுகிறது.

இதில் மாயம் எதுவும் இல்லை. அளவு சரிதானா என்று கேட்கும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நிரல் அடங்கிய எக்ஸ்.என்.யூ. கெர்னலின் மூலத்தை ஆப்பிள் பொதுவில் வெளியிட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். பிழையைக் கண்டவர்களோ அதை விற்பனைக்கான உளவு மென்பொருளில் வைத்தார்கள். மன்சூருக்குச் செய்தி வந்ததற்கு முந்தைய ஆண்டுதான் ஜெரோடியம் என்ற நிறுவனம், ஐபோனைத் தொலைவிலிருந்து கைப்பற்றும் வழிக்கு 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்திருந்தது. சந்தையின் மதிப்பு அந்த அளவில் இருந்தது.

சிட்டிசன் லேப் ஆகஸ்ட் 15 அன்று ஆப்பிளுக்குத் தெரிவித்தது. பத்தே நாளில், ஆகஸ்ட் 25இல், ஐ.ஓ.எஸ். 9.3.5 வெளிவந்தது. மேக் கணினிகளுக்கான திருத்தம் செப்டம்பர் 1இல் வந்தது. பெரிய நிறுவனம் ஒன்று இத்தனை விரைவாக நகர்ந்தது பாராட்ட வேண்டிய செயல்.

இப்போது தரவரிசைக்கு வாருங்கள். அமெரிக்க அரசின் தேசியப் பாதிப்புத் தரவுத்தளத்தில் இந்த மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் இருக்கிறது. உலாவிப் பிழைக்கு 8.8. கெர்னலைக் கைப்பற்றும் பிழைக்கு 7.8. முகவரி கசியும் பிழைக்கு 5.5, அதாவது நடுத்தரம். மதிப்பெண் போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பிழையையும் தனியே எடுத்து, இது மட்டும் இருந்தால் என்ன கேடு என்று கேட்பதே அந்த முறை. தனியாகப் பார்த்தால் 5.5 நியாயம்தான். ஆனால் தாக்குபவர் எதையும் தனியாகப் பார்ப்பதில்லை, கோத்துப் பார்க்கிறார். நம் நிர்வாகிகளோ மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்து, ஏழுக்கு மேற்பட்டதை இந்த வாரம், மற்றதை அடுத்த காலாண்டில் என்று திட்டமிடுகிறார்கள். அந்தப் பழக்கம் ஆபத்தானது. கெர்னல் முகவரியைக் கசியவிடும் எந்தப் பிழையையும், அதோடு சேரக்கூடிய அடுத்த பிழை ஏற்கெனவே யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே திருத்த வேண்டும். மன்சூரின் விஷயத்தில் அடுத்த பிழை உண்மையாகவே கையில் இருந்தது.

மன்சூருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லாமல் போவது நியாயமாகாது. கருவி தப்பியது, மனிதர் தப்பவில்லை. 2017 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். 2018 மே மாதம் சமூக ஊடகத்தில் எழுதியதற்காகப் பத்தாண்டுச் சிறை. 2024இல் தீர்ப்பான கூட்டு வழக்கில் மேலும் பதினைந்து ஆண்டுகள். முகவரி கசிவு என்பதை ஏதோ கணினிக்காரர்களின் உள்விவகாரமாக என்னால் பார்க்க முடியாததற்கு அவரும் ஒரு காரணம்.

ஐபோன் கதையில் முகவரி தெரியாமல் கசிந்தது. லினக்ஸில் நெடுங்காலம் தெரிந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கெர்னலின் ஒவ்வொரு செயற்கூறும் எந்த முகவரியில் இருக்கிறது என்ற முழுப் பட்டியல் ‘கால்சிம்ஸ்’ என்ற கோப்பில் எல்லாரும் படிக்கக் கிடைத்தது. டிரைவர் எழுதுகிறவர்கள் பிழை தேடும்போது பாயிண்டரின், அதாவது நினைவக முகவரியைத் தாங்கும் மாறியின், மதிப்பை அப்படியே அச்சிட்டு, அந்த வரிகளை நீக்காமல் விட்டுவிடுவார்கள். இதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. தன் உள்ளே நடப்பதை ஒளிக்காமல் காட்டும் இயங்குதளம் நல்ல இயங்குதளம் என்ற மரபில் வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த மரபை நான் மதிக்கிறேன். அதனால்தான் நம் மாணவர்கள் கெர்னலைப் பிரித்துப் படிக்க முடிகிறது.

2011இல் 2.6.38ஆம் பதிப்பில் ஒரு அமைப்பு வந்தது. முகவரியை மறைக்க விரும்புகிற இடத்தில் நிரலாளர் ஒரு தனிக் குறியீட்டை இட வேண்டும். மறந்தால் பழையபடி வெளியே தெரியும். ஆயிரக்கணக்கானோர் எழுதும் கெர்னலில் நினைவு வைத்துக்கொள்ளச் சொல்வது பாதுகாப்பாகாது. கெர்னல் இடமாற்றம் லினக்ஸில் வரவிருந்த 2013இலேயே, லினக்ஸுக்குப் பாதுகாப்பு ஒட்டுகள் எழுதும் ஜி.ஆர்.செக்யூரிட்டியின் பிராட் ஸ்பெங்லர் கடுமையாக எழுதினார். முகவரிகள் இத்தனை வழியாகக் கசியும்போது கெர்னலை இடம் மாற்றி வைப்பது வெறும் மன ஆறுதல் என்பது அவர் வாதம். அவர் தொனி பலரைப் புண்படுத்தியது. ஆனால் கசிவைப் பற்றி அவர் சொன்னது சரி.

மாற்றம் 2017 கடைசியில் வந்தது. டோபின் ஹார்டிங் முதலில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பொதுக் கோப்புகளையும் பதிவுகளையும் துழாவி, கெர்னல் முகவரி போலத் தெரியும் எதையும் பட்டியலிடும் ஸ்கிரிப்ட். பிறகு 4.15ஆம் பதிப்பில் இயல்பையே தலைகீழாக்கினார்கள். பாயிண்டரை அச்சிடச் சொன்னால் இனி உண்மை முகவரி வராது. கணினி துவங்கும்போது எடுத்த ரகசியச் சாவியோடு சிப்ஹாஷ் முறையில் குழைத்த ஓர் எண்தான் வரும். அடுத்த துவக்கம் வரை ஒரே பாயிண்டர் ஒரே எண்ணாகத் தெரியும் என்பதால், பிழை தேடுகிறவர் இரண்டு இடத்தில் வருவது ஒன்றேதானா என்று ஒப்பிட முடியும். இருப்பிடம் மட்டும் தெரியாது. உண்மை முகவரி வேண்டும் என்கிறவர் வேறு குறியீட்டை எழுத வேண்டும், அது சீராய்வில் கண்ணில் படும். மறப்பவருக்குப் பாதுகாப்பு, கேட்பவருக்குக் கேள்வி. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகிறேன். எந்த மென்பொருளிலும் இயல்புநிலை இப்படித்தான் அமைய வேண்டும்.

நிரல் வாயை மூடிக்கொண்டாலும் வன்பொருள் பேசியது. கெர்னல் இருக்கும் முகவரியையும் ஒன்றும் இல்லாத முகவரியையும் ஒரு செயலி தொட முயன்றால் இரண்டுக்கும் அனுமதி மறுக்கப்படும். ஆனால் மறுக்கப்படும் நேரத்தில் நுண்ணிய வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாட்டை அளந்தே கெர்னலின் இடத்தைக் கண்டுவிடலாம் என்று ஹுண்ட், வில்லெம்ஸ், ஹோல்ஸ் ஆகிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டேனியல் குரூஸ் உள்ளிட்ட குழு 2017இல் இதற்கு ஒரு தடுப்பை வடிவமைத்தது. செயலி ஓடும்போது கெர்னலின் பக்கங்களைச் செயலியின் பக்க அட்டவணையிலிருந்தே, அதாவது அதன் நினைவக வரைபடத்திலிருந்தே, எடுத்துவிடுவது. கைசர் என்று பெயர். கெர்னலை அழைக்கும் ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் அட்டவணையை மாற்ற வேண்டும், வேகம் குறையும். வெறும் முகவரியை மறைக்க இவ்வளவு விலையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

2018 ஜனவரி 3இல் மெல்ட்டவுன் பிழை உலகுக்குத் தெரிந்தது. இன்டெல் பிராசசர்களில் கெர்னலின் முகவரி மட்டுமல்ல, அதன் உள்ளடக்கத்தையே சாதாரணச் செயலி படிக்க முடியும் என்று ஆயிற்று. அதற்கு மென்பொருளில் கையோடு இருந்த மருந்து கைசர்தான். லினக்ஸ் அதை மெருகேற்றிச் சேர்த்துக்கொண்டது, மற்ற இயங்குதளங்களும் அதே வழியில் போயின. முகவரியை மறைக்க எழுதியது, அதைவிடப் பல மடங்கு பெரிய கேட்டைத் தடுத்தது. சிறிய கசிவை மதித்து உழைத்தவர்கள் இல்லாதிருந்தால் அந்த ஜனவரி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதோடும் தீரவில்லை. செயலியிலிருந்து கெர்னலுக்குள் நுழைய ஒரு சிறு வாசற்பகுதியாவது அட்டவணையில் இருந்தாக வேண்டுமே. அந்த வாசலும் கெர்னலோடு சேர்ந்தே நகர்கிறது. 2022இல் என்ட்ரிப்ளீட் என்ற தாக்குதல் நேரத்தை அளந்து அந்த வாசலைக் கண்டுபிடித்து, அதிலிருந்து முழு இடத்தையும் கணக்கிட்டது. ஓபன்பி.எஸ்.டி. என்ற இயங்குதளம் மட்டும் வேறு திசையில் யோசித்தது. 2017 அக்டோபரில் வந்த 6.2ஆம் பதிப்பு முதல், ஒவ்வொரு துவக்கத்துக்கும் கெர்னலின் உட்பகுதிகளை வரிசை மாற்றிப் புதிதாக இணைத்து வைக்கிறது. பெட்டிகளின் வரிசையே மாறிவிட்டால் ஒரு பெட்டியைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடியாது அல்லவா? இதை மற்றவர்களும் பின்பற்றியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் கைக்கு எட்டும் ஒரு விஷயம். கெர்னல் கசிவுகளில் கணிசமானவை நான் சொன்ன ஐபோன் பிழையைவிடவும் சாதாரணமானவை. சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்சரில் முதலில் 1 பைட் எழுத்தும் அடுத்து 8 பைட் எண்ணும் இருந்தால், கம்பைலர் நடுவில் 7 பைட் வெற்றிடம் விடும். நீங்கள் இரண்டு உறுப்புகளையும் ஒழுங்காக நிரப்புவீர்கள். அந்த 7 பைட்டில் முன்பு யார் விட்டுப்போனது கிடக்கிறதோ அது அப்படியே இருக்கும். ஸ்ட்ரக்சரை மொத்தமாகச் செயலிக்கு நகலெடுத்தால் அதுவும் சேர்ந்து போகும். அது ஒரு பாயிண்டரின் மிச்சமாகவும் இருக்கலாம். கூகுளின் புராஜெக்ட் ஜீரோ ஆய்வுக் குழுவில் இருந்த மாத்தேயுஷ் யுர்சிக் ஒரு கருவி செய்து, விண்டோஸ் கெர்னலில் மட்டும் இவ்வகைக் கசிவுகள் 70க்கும் மேல் கண்டெடுத்தார். உலகின் சிறந்த நிரலாளர்கள் எழுதிச் சீராய்ந்த நிரல் அது.

இதன் பிறகே மைக்ரோசாஃப்ட் கம்பைலரிலேயே ஸ்டாக் மாறிகளைத் தானாக நிரப்பும் வழியைக் கொண்டுவந்தது. லினக்ஸின் 5.3ஆம் பதிப்பு, ஒதுக்கும் நினைவகத்தைச் சுழியாக்கித் தரும் விருப்பத்தைச் சேர்த்தது. நம் கல்லூரி ஆய்வகங்களில் சி நிரல் எழுதும்போது விடை சரியாக வந்தால் முழு மதிப்பெண் தந்துவிடுகிறோம். ஒதுக்கிய நினைவகத்தைச் சுழியாக்காமல் வெளியே அனுப்பிய நிரலுக்கும், வெளியிலிருந்து வந்த அளவைச் சோதிக்காமல் நம்பிய நிரலுக்கும், விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண்ணைக் குறையுங்கள் என்று பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாண்டிலேயே தொடங்குங்கள். எக்ஸ்.என்.யூ. மூலத்தில் அந்த எண்ணைப் பிரிக்கும் பகுதி, திருத்தத்துக்கு முன்பும் பின்பும், யாரும் பார்க்கக் கிடைக்கிறது. ஒரு வகுப்பு நேரத்தில் அதை வாசித்து முடித்துவிடலாம். கேள்விகள் இருந்தால் இங்கேயே இருக்கிறேன், கேளுங்கள்.